எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

விவாகரத்துக்குப் போகிறவர்கள் அழுதுகொண்டு போவார்கள் என்று சனம் நினைக்கிறது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் போனேன். விடிய ஐந்து மணிக்கே வேலையில் நின்று, மத்தியானம் ஓடிவந்து, இரண்டு பஸ் மாறி, சப்பாத்துக்குள் பனி கரைய, லோயரின் அறை நாற்காலியில் போய் விழுந்தால் யாருக்குத்தான் அழுகை வரும்? கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய பாடு.

என் லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல் நாள் மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து வைத்து, எப்போது கலியாணம் செய்தீர்கள் என்று கேட்டார். வாய் தவறி, "எந்தக் கலியாணம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஒல்லிப் பெண்ணுக்கு எத்தனை புருசன்மாரோ என்று நினைத்திருப்பார். பிறகு நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் ஆட்களுக்கு எழுத்து ஒரு நாள், தாலி ஒரு நாள். பதிவுகாரரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வைப்பது எழுத்து. ஐயர் வந்து மந்திரம் சொல்லத் தாலி கட்டுவது கலியாணம். ஊரில் இரண்டுக்கும் நடுவே சில கிழமை இருக்கும், சிலருக்குச் சில மணித்தியாலம்தான் இருக்கும். வெளிநாட்டுக்கு வந்த பிறகு அது வருடக்கணக்காக நீண்டுவிட்டது. எழுதினால்தானே ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடலாம்? ஆள் வந்து சேர்ந்த பிறகு தாலி கட்டிக்கொள்ளலாம். ஆகவே எங்களில் பாதிப் பேருக்குக் கலியாண நாள் இரண்டு. இமிகிறேசன் கேட்டால் எழுத்து நாளைச் சொல்லுவோம். சொந்தக்காரர் கேட்டால் தாலி நாள். கேக் வெட்டுவதும் தாலி நாளில்தான்.

"உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"மூன்று வருசம்."

அவர் தாளில் ஒரு நீளக் கோடு போட்டு, அதில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்தார். பிறகு சட்டத்தைச் சொன்னார். கலியாண நாளன்று உங்களிடம் என்ன இருந்ததோ அது உங்களுடையது, ஒரு பக்கமாக நிற்கும். அதற்குப் பிறகு, பிரியும் நாள் வரை சேர்ந்தது முழுவதும் இரண்டு பேரின் பெயரிலும் கூட்டப்படும். கூடச் சேர்த்தவர் குறையச் சேர்த்தவருக்குக் கொடுத்துச் சமன் செய்யவேண்டும். யார் பெயரில் வாங்கினது என்பது பெரிய விசயமில்லை. எப்போது வாங்கினது என்பதுதான் விசயம்.

"வீடு எங்கே விழுகிறது?" என்று கேட்டேன்.

அவர் பேனையின் நுனியை அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வைத்தார். எனக்கு வந்துகொண்டிருந்த கொட்டாவி நின்றுவிட்டது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வீடு என்று நாங்கள் சொல்லுவதே தவிர அது கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஆறாம் மாடியில் இரண்டு அறை அப்பாட்மென்ட். பல்கனியில் நின்றால் கார் தரிப்பிடமும் குப்பைப் பெட்டியும் தெரியும். எழுத்துக்காக நானும் அப்பாவும் கொழும்புக்குப் போய் வந்தபோது என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. விமானச் சீட்டே கடனில் எடுத்தது. அப்போது நானும் அப்பாவும் அம்மாவும் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு நெஞ்சு இழுப்பு. சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த அந்த நிலக்கீழ் அறையில் அவர் மூச்செடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் படுக்க முடியவில்லை. பகலில் பக்டரியில் பெட்டி கட்டினேன். சனி ஞாயிறு டோனட் கடையில் நின்றேன். சீட்டுப் பிடித்தேன். ஒரு சோடி சப்பாத்துக்கூட வாங்காமல் முன்பணத்தைச் சேர்த்து, யன்னல் உள்ள ஒரு வீட்டை வாங்கினேன். அப்பா அந்த வீட்டில் ஒரு மாரியும் ஒரு கோடையும்தான் இருந்தார். பிறகு செத்துப்போனார்.

என்னவர் அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் கனடா வந்து சேர்ந்தார். ஒரு மருத்துவச் சோதனை, பிறகு இன்னொன்று, பிறகு பொலிஸ் கடதாசி என்று அவரை இழுத்தடித்தார்கள். அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினார். என் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கச் சரிவராது என்று முதல் கிழமையே சொல்லிவிட்டார். சரி என்று நாங்கள் வேறொரு கட்டடத்தில் வாடகைக்குப் போனோம். அம்மா வெக்ஸ்போர்ட்டில் தனிய இருந்தா.

இது நல்லதாகப் போயிற்று என்றார் லோயர். நீங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் குடியிருந்திருந்தால் எந்த நாளில் வாங்கியிருந்தாலும் பாதி அவருக்குத்தான், பேச்சுக்கே இடமில்லையாம். மாமியாரைப் பிடிக்காத மருமகனுக்கு நன்றி சொல்லவேண்டிய நிலைமைக்கு வந்திருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அடிதடி இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை. இரண்டு பேருக்கும் இரண்டு விதமான ஷிஃப்ட். ஒருவர் வர மற்றவர் போவார். நாலு வருடத்தில் கதைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, கதைத்தால் சண்டை வந்தது. ஒரு நாள் அவர் சூட்கேசை எடுத்துக்கொண்டு மார்க்கம் நகரத்தில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போனார். நான் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்து நித்திரையாகிவிட்டேன். அவ்வளவு களைப்பு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவருடைய லோயரிடமிருந்து கடிதம் வந்தது, வெக்ஸ்போர்ட் வீட்டையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று. என்னவருக்கே போன் எடுத்துக் கேட்டேன். "உமக்குத்தான் தெரியுமே," என்றார். "நாலு வருசம் வாடகையும் சாப்பாடும் நான் பார்த்தனான். உம்மட சம்பளம் முழுக்க அந்த வீட்டு மோட்கேஜுக்குப் போனது. நான் உழைச்சது மட்டும் ஒண்டுமில்லையோ?"

அதில் நியாயம் இருந்தது. இருந்தபடியால்தான் கூடக் கோபம் வந்தது. போனை டொக்கென்று வைத்தேன்.

ஆனால் அவருக்குக் கொடுக்க என் கையில் காசாக ஒன்றும் இல்லை. வீட்டு விலைகள் விழுந்து கிடந்த காலம் அது. தாலிக்குப் பிறகு நான் கட்டின வீட்டுக் கடனெல்லாம் விலை விழுந்ததோடு சரி. வீட்டில் மிச்சமாக இருந்தது எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே நான் போட்ட அந்த முன்பணத்தின் பெறுமதிதான். தாலி நாளைக் கலியாண நாளாக எடுத்தால் அது என்னுடையது. எழுத்து நாளை எடுத்தால் அதில் பாதி அவருக்கு. கொடுப்பதற்கு ஒரே வழி, வீட்டை விற்பது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பஸ் எடுக்கத் தெரியாது. கனடாவில் அவ தனியாக நடந்து போய்த் திரும்பி வரக்கூடிய இடம் அந்த ஒன்றுதான். கீழே பிளாசாவில் அக்கரைப்பற்றுக்கார முஸ்லிம் ஒருவரின் கடை இருந்தது. அம்மா போனால் அவர் கருவாட்டை எடுத்து மணந்து பார்க்க விடுவார், விலையைத் தமிழில் சொல்லுவார். மருந்துக்கடையில் ஒரு தமிழ்ப் பெட்டை வேலை செய்தாள். நாலாம் மாடியில் பாசையூர்க்கார அன்ரி இருந்தா. அவ மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுவா, அம்மா பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவா, பிறகு இரண்டு பேரும் இருந்து பின்னேரம் முழுக்க ஊர்க்கதை கதைப்பார்கள். அந்த வீட்டை விற்றால் அம்மா என்னுடைய ஒற்றை அறையில் வந்து, நான் வேலையால் வருமட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

அம்மா ஒவ்வொரு நாளும் போனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை, வீடு என்னமாதிரி?"

"ஒண்டும் நடக்காதம்மா. பேசாமல் இருங்கோ." நான் வேறென்ன சொல்ல?

நாங்கள் தாலி நாளைப் போட்டுத்தான் கடதாசி கொடுத்திருந்தோம். பதில் வந்தபோது அதோடு கொழும்புப் பதிவுச் சான்றிதழின் பிரதியும் வந்தது. என் லோயர் அதை என் பக்கம் தள்ளினார். "இதைக் கொடுத்துத்தானே அவரை ஸ்பொன்சர் செய்தீர்கள்? இவர் என் கணவர் என்று அரசாங்கத்துக்கு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

"அது கூப்பிடுவதற்காக எழுதினது," என்றேன்.

"கூப்பிடும்போது கணவர், வீடு வாங்கும்போது கணவர் இல்லையா?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார். எனக்கோ அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி நாக்கு வறண்டுபோயிற்று. எழுத்து முடிந்தவள் ஒருத்தனின் மனிசிதான், ஆனால் மனிசி இல்லை. ஊர் அவளைக் கட்டினவள் என்று நினைக்கும், ஆனால் புருசனோடு ஒரு வீட்டில் இருக்க விடாது. நெற்றியில் குங்குமம் வைக்கமாட்டாள். வேறு ஒருத்தனைப் பார்க்கவும் ஏலாது. இதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், எனக்கே நான் பொய் சொல்லுகிறமாதிரி இருந்தது. சட்டத்துக்கு ஒரு நாள்தான் தெரியும், அது சான்றிதழில் உள்ள நாள் என்று அவர் முடிவாகச் சொன்னார். கூடிய மட்டும் பேரம் பேசிப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

அந்த ஆத்திரத்தில்தான் ஒரு பழைய போன் கதையை அவருக்குச் சொன்னேன். சாட்சியாகச் சொல்லவில்லை. மனசு பொறுக்காமல் சொன்னேன்.

அப்பா செத்த அன்று நான் கொழும்புக்குப் போன் எடுத்தேன். இப்போது மார்க்கத்தில் இருக்கும் என்னவரின் தங்கச்சிக்கு அந்தக் கிழமைதான் அங்கே கலியாணம். மண்டபம், ஐயர், நாள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. செத்தவீடு என்றால் எங்களுக்குத் துடக்கு. துடக்குக்காரர் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியத்தில் நிற்பதில்லை. மருமகனுக்கும் அது உண்டு. அவரோ அந்தக் கலியாணத்தில் பெண்ணின் தமையன், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டியவர். போனை எடுத்தது மாமி. அவரின் தாய். விசயத்தைக் கேட்டு முதலில் "ஐயோ பிள்ளை" என்று அழுதா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிள்ளை, குறை நினையாதையும். இன்னும் தாலி ஏறேல்லைத்தானே. அப்ப எங்களுக்குத் துடக்கில்லை. பேப்பரிலை மரண அறிவித்தல் போடேக்கை தம்பியின்ர பேரைப் போட்டிடாதேங்கோ, என்ன?" என்றா.

போடவில்லை. மருமகன் என்ற இடம் வெறுமையாக அறிவித்தல் வந்தது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மகன். என்னவர் அங்கே தலைப்பாகை கட்டி, மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரமும் வாங்கிக்கொண்டு நின்றார். படம் அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு உறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

லோயர் முழுக்கக் கேட்டார். "மிகவும் கவலையான விசயம்," என்றார். "ஆனால் இது சட்டமில்லை."

எனக்குத் தெரியும், இது சட்டமில்லை என்று. எனக்கு அப்போது தேவைப்பட்டது சட்டமும் இல்லை.

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாளில் இரண்டு பக்கமும் சந்தித்தோம். மார்க்கத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று, அவருடைய லோயரின் இடம். பஸ் இறங்கின இடத்திலிருந்து கார் தரிப்பிடங்களுக்குள்ளால் நடந்தே போய்ச் சேர்ந்தேன். நீளமேசைக்கு ஒரு பக்கம் நானும் என் லோயரும். மற்றப் பக்கம் அவர், அவருடைய லோயர், மாமி. மாமி சேலைக்கு மேலே பெரிய குளிர்க்கோட், காலில் றனிங் சப்பாத்து. இரண்டு வருடத்துக்கு முன்தான் அவவை இங்கே கூப்பிட்டது. பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ் அண்ணை, டை கட்டி, எல்லாரையும் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

என்னவர் மெலிந்துபோயிருந்தார். நாடியில் சவரம் செய்த வெட்டு. என்னைக் கண்டதும் பழக்கதோசத்தில், "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டுவிட்டு, பிறகு மேசையைப் பார்த்தார். நானும் பழக்கதோசத்தில் ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மாமியை எதற்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரத்தில் விளங்கியது. எங்கள் பக்கம் தாலி, சம்பிரதாயம் என்று பேசுகிறோமல்லவா, அதை உடைக்கத்தான். எழுத்து நாளிலிருந்தே குடும்பம் எங்களைப் புருசன் பெண்சாதியாக ஏற்றுக்கொண்டது என்று தாயே சத்தியக்கடதாசி தருவா. அவருடைய லோயர் கேட்கக் கேட்க அண்ணை தமிழில் சொன்னார். மாமி கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவ மாதிரி மறுமொழி சொன்னா.

"ஓம், எழுதின அண்டைக்கே இவ எங்கட மருமகள். நானே சங்கிலி போட்டு விட்டனான். இவவின்ர தேப்பனும் பக்கத்திலை நிண்டவர். நாங்கள் வித்தியாசம் பார்க்கேல்லை."

சங்கிலி போட்டது உண்மை. அப்பா பக்கத்தில் நின்றதும் உண்மை. என் லோயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் விசயம் முடிந்தது என்று எனக்கு இத்தனை நாளில் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு இனி என்ன சொல்லுவது, கருவாட்டுக் கடைக்கு யார் கூட்டிப் போவது என்று நினைத்தேன். வாயைத் திறக்கவேண்டாம், நான் பேசுகிறேன் என்று லோயர் உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார். ஆனால் "வித்தியாசம் பார்க்கேல்லை" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"மாமி," என்றேன். "அப்ப எங்கட அப்பா செத்த நேரம் உங்கட மோன் அவருக்கு மருமகன்தானே?"

"ஓம், பின்னை?" என்று சொன்னவ, சொன்ன வாயை மூடாமலே என்னைப் பார்த்தா.

"அப்ப அந்தக் கிழமை உங்கட மகளின்ர கலியாணத்திலை இவர் துடக்கோடையோ தோழனா நிண்டவர்?"

அவருடைய லோயர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒரு மரணத்தைப் பற்றியும் ஒரு கலியாணத்தைப் பற்றியும் கேட்கிறா என்றார். அதற்கென்ன என்றார் அந்த லோயர். அதை விளங்கப்படுத்த வெளிக்கிட்டு, இரண்டு வசனம் போய், அண்ணை கையை விரித்துவிட்டார். மாமிக்கு மட்டும் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

"தம்பி," என்று அண்ணையைக் கூப்பிட்டா. "நான் இப்ப சொன்னதை அந்த ஆள் எழுதிப் போட்டாரோ?"

"ஓமம்மா. ரைப் பண்ணித் தருவினம். நீங்கள் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கவேணும்."

"சத்தியமோ? நான் வைக்கமாட்டன்."

"அம்மா," என்றார் என்னவர், மெதுவாக.

"நீ பேசாமல் இரு. வீட்டிலை வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிறாள். இத்தனை வருசத்துக்குப் பிறகு தங்கி நிக்குது. அவளின்ர தாலி துடக்குக்கை ஏறினதெண்டு நான் சத்தியம் பண்ணிக் குடுக்கவோ? நீயும் ஒரு கடதாசியிலையும் அப்பிடிச் சொல்லக்கூடாது, சொல்லிப்போட்டன்."

தங்கச்சி பிள்ளைக்கு இருக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிசம்வரை தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்று அன்றைக்கும் யோசிக்கவில்லை, இப்போதும் யோசிப்பதில்லை. மாமி எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனா. என்னவரும் பின்னால் போனார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மாமியின் கை மேலும் கீழும் போவது தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு லோயர்களும் தங்கள் தங்கள் தாள்களைப் புரட்டினார்கள். ஒருவர் வெளியே வெயில் வருகிறது என்றார். மற்றவர் ஓம் என்றார்.

அவர் மட்டும்தான் திரும்பி வந்தார். "தாலி கட்டின நாளையே போடுங்கோ," என்று தன் லோயரிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்த மனிசனுக்கு விசர் பிடிக்காத குறை. வெல்லுகிற கேசைக் கையால் தூக்கிக் குப்பையில் போடுகிறீர்கள், சான்றிதழ் ஒன்றே போதும், தாயின் கடதாசி வேண்டவே வேண்டாம் என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். இவர் கேட்கவில்லை. எந்தக் கடதாசியாக இருந்தாலும் அடியில் இவர்தானே சத்தியம் செய்யவேண்டும்? பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை, உமக்குத் தெரியும். ஆனா தங்கச்சிக்கு ஏதும் நடந்தா அம்மா சாகுமட்டும் என்னைத்தான் சொல்லுவா. அதோடை என்னாலை சீவிக்கேலாது."

அந்த ஒரு நிமிசம் அவரில் எனக்குப் பாவமாக இருந்தது. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவர் இப்படி ஒரு வசனம் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

ஒரு மணித்தியாலத்தில் ரைப் பண்ணிக் கொண்டுவந்தார்கள். எங்கள் சொத்துக் கணக்குக்கு, நாங்கள் இருவரும் தாலி கட்டிய நாளிலிருந்து மட்டுமே கணவன் மனைவி. அதற்கு முந்திய காலத்தை இருவரும் கோரமாட்டோம். வெக்ஸ்போர்ட் வீடு எனக்கு. அவர் கையெழுத்து வைத்தார், நான் வைத்தேன். என் லோயர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருட வேலையில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை என்றார். கீழே வாசலில் மாமி பஸ் தரிப்பிடத்து வாங்கிலில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தா. நானும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சந்தோசம் வரும் என்று பஸ்ஸில் காத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. நேரே வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன்.

அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தா. "வீடு இருக்கம்மா," என்றேன். "இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்." அம்மா கையைக் கூப்பிக் கண்ணை மூடினா. பிறகு ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு, மீன்குழம்பை ஊற்றி, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. நான் சாப்பிடச் சாப்பிடப் பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டாம் தரம் சோறு போடும்போதுதான் கேட்டா.

"என்னெண்டு விட்டவை?"

மாமியின் கதையைச் சொன்னேன். அம்மா, "அவ அப்பிடித்தான்," என்று கொஞ்சம் சிரித்தா. கனநாளைக்குப் பிறகு கண்ட சிரிப்பு. எனக்கும் அப்போதுதான் உடம்பு கொஞ்சம் இளகியது.

"தாலி கட்டின நாளிலையிருந்துதான் கலியாணம் எண்டு ரண்டு பேரும் கையெழுத்து வைச்சிட்டம்," என்றேன். "அதுக்கு முதல் நாங்கள் ஆளுக்காள் ஒண்டுமில்லை."

"எழுத்து?"

"எழுத்தைக் கணக்கிலை எடுக்கேல்லையம்மா. எடுத்தால் வீடு போயிருக்கும்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தா. அப்பா கடைசி நாளில் கிடந்த அறைப் பக்கம் பார்த்தா. அப்போது நான் பக்டரியில் நின்றேன், வந்து சேரவில்லை. அம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தா. அந்த நேரத்தைப் பற்றி அவ எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"கொப்பா மூச்செடுக்கேலாமல் கிடக்கேக்கை," என்றா அம்மா, "என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, பிள்ளை, பிள்ளை எண்டு அதையே சொல்லிக்கொண்டு கிடந்தவர். போகமாட்டன் எண்ட மாதிரி. பிள்ளையைக் கட்டிக் குடுத்திட்டியள், நீங்களே போய் நிண்டு குடுத்தனீங்கள், இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ எண்டு நான் காதுக்கை சொன்னனான். பிறகுதான் கையை விட்டவர்."

நான் சாப்பாட்டில் கையை வைத்தபடி இருந்தேன்.

"அப்ப நான் அவருக்குப் பொய் சொல்லியே அனுப்பினனான், பிள்ளை?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கையெழுத்து வைத்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை.